அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், 1600-ம் ஆண்டு யப்பானில் நடக்கிற ‘ஷோகுன்’ என்ற தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். (ஷோகுன் என்றால் நாட்டை ஆளுகிற படைத்தலைவர்.) இந்த மாதத் தபாலில் முக்கால்வாசி அதைப் பற்றிய கடிதங்கள்தான். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இம்முறை இதையே ஆறுதலாகக் கதைப்போம்.

கேள்வி: அண்ணை, ஜேம்ஸ் கிளாவல் 1975-ல் எழுதிய நாவல் முழுவதையும் ‘ஷோகுன்’ பத்து அத்தியாயங்களில் சொல்லி முடித்துவிட்டது. ஒரே சீசனோடு முடிகிற தொடர் என்றுதான் முதலில் அறிவித்தார்கள். 2024-ல் 18 எம்மி விருதுகள் கிடைத்தன. இப்போது இரண்டாவது, மூன்றாவது சீசன் என்கிறார்கள். நாவலில் ஒரு பக்கம்கூட மிச்சம் இல்லாதபோது எதை வைத்துத் தொடரப் போகிறார்கள்? பெயரோடு நிறுத்தியிருக்கலாமே?
– பல்கலைக்கழக மாணவி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, தொடரட்டும் என்பதுதான் என் பதில். அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல 1992-ம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் போய் அப்போது இரண்டு வருடம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப்பின் வால்வுக்குள் திரியைக் கோத்து எரிப்போம். அந்த விளக்கும் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான். நாங்கள் கோண்டாவிலில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். அவர் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரும்போது கொண்டுவந்த தகரப் பெட்டிக்குள் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. முன் அட்டை போய்விட்டது. சீமெந்துப் பையின் கடதாசியால் உறை போட்டு, நடு முதுகைக் கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். அதுதான் ‘ஷோகுன்’.

பகலில் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து இருபது, முப்பது பக்கம் வாசிப்பார். இரவில் எங்கள் படிப்பு முடிந்து திரியை இறக்கியதும், வாசித்ததைத் தமிழில் சொல்லுவார். முதலில் நாங்கள் மூன்று பிள்ளைகள். பிறகு பெரியம்மாவும் பாக்குவெட்டியோடு வந்து குந்தினா. ஒரு கிழமைக்குள் அயல் வீட்டுச் சனமும் படலையைத் திறந்துகொண்டு வரத் தொடங்கியது. கோயிலில் புராணத்துக்குப் பயன் சொல்லிப் பழகிய மனிதர் என்பதால் எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒசாக்காக் கோட்டையிலிருந்து கதையின் நாயகரான பிரபு தொரனாகா பெண்களின் பல்லக்கில் ஒளிந்து தப்புகிற இடத்தில், அடுத்த கட்டம் நாளைக்கு என்று எழும்பிப் போய்விட்டார். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவேயில்லை.

கதை முடிய இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. நாவலை வாசித்தவர்களுக்குத் தெரியும்: ஆயிரம் பக்கத்துக்கு மேல் எந்தப் போருக்காக எல்லாரும் காய் நகர்த்துகிறார்களோ, அந்தப் போர் கடைசிப் பக்கத்தில் சில வரிகளில் முடிந்துவிடும். பெரியப்பா அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பெரியம்மா பாக்கு வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டா: “அப்ப அந்தப் பெடியனுக்கு என்ன நடந்தது?”

எந்தப் பெடியன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாட்டை ஆண்டு செத்துப்போன தைக்கோவின் ஏழு வயது மகன். தகப்பன் சாகும்போது, இவன் வளரும்வரை நாட்டைக் காத்துக் கொடுங்கள் என்று ஐந்து பிரபுக்களின் கையில் விட்டுப் போன பிள்ளை. தொரனாகா அந்த ஐவரில் ஒருவர். பெரியப்பா விளக்கைத் தூண்டச் சொல்லிக் கடைசிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன ஆனான் என்று அதில் இல்லை. அடுத்த நாள் இரவு, “மிச்சக் கதை இருக்கு” என்று தொடங்கினார். தொரனாகா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிள்ளைக்கு வில்லும் குதிரையும் பழக்கினார். வயது வந்ததும் கைபிடித்துக் கொண்டுபோய்ச் சிம்மாசனத்தில் இருத்தினார். மூன்று இரவு சொன்னார். நாங்கள் எல்லாரும் சந்தோஷமாக எழும்பிப் போனோம்.

1995 ஒக்டோபர் இடம்பெயர்வில் அந்தப் புத்தகமும் பெட்டியும் வீட்டோடு நின்றுவிட்டன. திரும்பி வரும்போது கதவு நிலைகூட இல்லை. பெரியப்பா அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

2004-ல் ஒரு இன்ரநெற் கடையில் உட்கார்ந்து தேடினேன். கிளாவல் பெயர்களை மாற்றியிருந்தாரே தவிர, ஆட்கள் நிசமானவர்கள். தொரனாகா என்பது தொக்குகாவா இயேயாசு. அந்தப் பெடியன் தொயொதோமி ஹிதெயோரி. 1600 ஒக்டோபரில் செக்கிகஹாராப் போரில் இயேயாசு வென்றார், 1603-ல் ஷோகுன் ஆனார். அதே 1603-ல் தன் பேத்தியை அந்தப் பெடியனுக்கே கட்டிக் கொடுத்தார். 1605-ல் பட்டத்தைத் தன் சொந்த மகனுக்குக் கொடுத்தார். பெடியன் ஒசாக்காக் கோட்டைக்குள் தாயோடு வளர்ந்துகொண்டிருந்தான்.

1614-ல் அவன் கியோத்தோவில் ஒரு கோயிலுக்குப் பெரிய மணி வார்த்துக் கொடுத்தான். அதில் பொறித்த வாசகத்தில் ‘நாடு அமைதியாக இருக்கட்டும்’ என்ற பொருளில் நாலு எழுத்து. இயேயாசுவின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அந்த நாலுக்குள் தள்ளித் தள்ளி வந்துவிட்டன. என் பெயரைப் பிளந்து சாபம் போட்டிருக்கிறான் என்று கிழவர் படையெடுத்தார். பனிக்காலத்தில் முற்றுகை. பிறகு சமாதானம், வெளி அகழியைத் தூர்ப்பதாக ஒப்பந்தம். வெளி அகழியோடு நிற்காமல் உள் அகழியையும் ஆட்களை விட்டு நிரப்பினார்கள். எங்கள் கோட்டை அகழி ஓரமாகப் பின்னேரத்தில் நடக்கிறவர்களுக்கு, அகழி போன கோட்டை என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த கோடையில், 1615-ல், ஒசாக்கா விழுந்தது. எரிகிற கோட்டைக்குள் ஹிதெயோரியும் தாயும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அவனுக்கு இருபத்தொரு வயது. அவனுடைய சின்ன மகனைப் பிடித்துக் கழுத்தை வெட்டினார்கள். அந்தப் பிள்ளைக்கு எட்டு வயதுகூட நிரம்பவில்லை. தகப்பனைப் பிரபுக்களிடம் ஒப்படைத்தபோது இருந்த வயதை ஒட்டிய வயது.

அந்தக் கிழமையே கோண்டாவிலுக்குப் போய்ப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். கண் பார்வை குறைந்து கட்டிலோடு இருந்தா. கேட்டு முடித்துவிட்டுக் கனநேரம் பேசவில்லை. பிறகு, “தெரியாட்டில் அவர் அதோடை விட்டிருக்கலாம். ஏன் மூண்டு நாள் பொய் சொன்னவர்?” என்று கேட்டா. கோபம்தான். பன்னிரண்டு வருடம் அந்தப் பிள்ளை நல்லாக இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறா.

என் நிபந்தனை இதுதான், தங்கச்சி. தொடருகிறவர்கள் பெரியப்பா செய்ததைச் செய்யக்கூடாது. முதல் சீசனில் தொரனாகா எத்தனை தடவை தனக்கு ஷோகுன் பட்டத்தில் ஆசையில்லை என்று சொல்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கடைசி அத்தியாயத்தில் மலை விளிம்பில் தன் கீழிருந்த பிரபு யபுஷிகேயிடம் மட்டும் மனதைத் திறக்கிறார், அதுவும் யபுஷிகே சாகப் போகிற நேரத்தில். தொரனாகாவாக நடிக்கிற ஹிரோயுக்கி சனாடா அந்தக் காட்சியில் அசையாமல் நிற்கிற நிற்பை நான் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். அந்த மனிதர் அடுத்த பதினைந்து வருடத்தில் அந்தப் பிள்ளைக்குச் செய்யப்போவதைக் காட்டாமல் விட்டால் கதை பாதிதான். நாவல் முடிந்த இடத்தில் நிற்கிறவனுக்குத் தொரனாகா பெரிய ராசதந்திரி. 1615 வரை போகிறவனுக்கு அவர் யார் என்று மறுபடி யோசிக்கவேண்டி வரும்.

இரண்டாவது சீசன் பத்து வருடம் கழித்து நடக்கிறது என்று அறிவித்திருக்கிறார்கள். எனக்கு அது நல்ல சகுனமாகப் படுகிறது. 1611-ல் கியோத்தோவில் நிஜோக் கோட்டையில் இயேயாசு அந்தப் பெடியனை நேரில் சந்தித்தார். கிழவருக்கு அறுபத்தெட்டு, இவனுக்குப் பதினேழு. நல்ல உயரமாக வளர்ந்து, அறிவும் களையுமாக வந்து நின்றானாம். அந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் கிழவர் மனதில் தீர்மானம் விழுந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு காட்சியை, அவசரப்படாமல், தேத்தண்ணி ஆற்றுகிற நேரத்துக்கு நீட்டி எடுத்தார்கள் என்றால் இரண்டாவது சீசன் வந்ததற்கு அதுவே போதும்.

ஒரு பயமும் இருக்கிறது. பெயர்கள் மாறியிருப்பதால் அவர்கள் சரித்திரத்துக்குக் கட்டுப்படத் தேவையில்லை. பார்க்கிறவர்கள் தொரனாகாவை நேசிக்கிறார்கள். அவர் கையில் பிள்ளையின் இரத்தம் படாமல் கதையைத் திருப்பச் சொல்லி ஆசை வரும். வராமல் இருக்கவேண்டும்.

கேள்வி: மூல ஆசிரியர் எங்கே முடித்தாரோ அதுவே அந்த ஆக்கத்தின் எல்லை. அவர் இறந்த பிறகு வேறொருவர் நீட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை என்பது என் கருத்து. தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, தங்கள் கருத்தை நான் மதிக்கிறேன், ஆனால் எங்கள் இலக்கிய வழக்கம் அப்படி இருந்ததில்லையே. கம்பர் முடிசூட்டோடு நிறுத்தினார். சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற கதையைப் பாட அவருக்கு மனம் வரவில்லை என்று எங்கள் தமிழ் வாத்தியார் சொல்லுவார். உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழக்கு. கச்சியப்பர் கந்தபுராணத்தை ஆறு காண்டத்தோடு நிறைவு செய்தார். ஏழாவதான உபதேச காண்டத்தைப் பாடியவர்கள் வேறு புலவர்கள். யாரும் அதைக் கச்சியப்பருக்கு இழுக்கு என்று சொன்னதில்லை. அதேநேரம், எங்கள் கோயிலில் வருடா வருடம் புராணம் படிக்கும்போது வள்ளியம்மை திருமணப் படலத்தோடு ஏட்டைக் கட்டிப் பட்டுத் துணியால் சுற்றி வைப்பதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள். நீட்டுகிறவர் நீட்டலாம், கேட்கிறவர் தனக்குப் பிடித்த இடத்தில் ஏட்டைக் கட்டலாம். இரண்டுக்கும் இங்கே இடம் இருந்திருக்கிறது.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை முடித்தபோது, திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, மிச்சப் பேர் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டார்கள். அவர் கோபிக்கவில்லை. முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னார். என் பெரியம்மா கேட்ட கேள்விதான் அது. 1988-ல் இந்தியாவில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ தொலைக்காட்சித் தொடர் முடிசூட்டோடு முடிந்தபோது, வால்மீகியைத் தங்கள் முன்னோராகக் கொண்டாடுகிற துப்புரவுத் தொழிலாளர்கள் வட இந்திய நகரங்களில் வேலையை நிறுத்தினார்கள். லவ குசர் கதையைக் காட்டினால்தான் குப்பை எடுப்போம் என்று நின்றார்கள். அந்தப் பகுதியில்தான் வால்மீகி ஆசிரமத்தில் பிள்ளைகளை வளர்த்துப் பாடக் கற்றுக்கொடுக்கிறார். தங்கள் ஆள் வருகிற பகுதி விடுபடுவதை அவர்களால் தாங்க முடியவில்லை. அடுத்த தொடர் வந்தது. மூலத்தை நீட்டுவதா நிறுத்துவதா என்பதில் யாருடைய கதை விடுபடுகிறது என்று பார்க்கவேண்டும் என்பதை நான் அவர்களிடம்தான் படித்தேன்.

கிளாவல் 1994-ல் காலமானார். அதற்கு முந்திய வருடம் வந்த அவருடைய கடைசி நாவலில் அவரே யப்பானுக்குத் திரும்பியிருக்கிறார். ஆனால் 1862-க்குத் தாவிவிட்டார். தொரனாகாவின் வம்சத்தார் வருவார்கள். நடுவில் கிடந்த ஒசாக்காவை அவர் தொடவில்லை. அது ஆசிரியர் பூட்டி வைத்த அறை என்று நான் நினைக்கவில்லை, ஐயா.

கேள்வி: ‘கேம் ஒஃப் த்ரோன்ஸ்’ தொடர் மூலப் புத்தகத்தைத் தாண்டிப் போய்க் கெட்டது. அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: தம்பி, அந்த ஏமாற்றம் எனக்கும் உண்டு. ஐந்தாவது புத்தகம் 2011-ல் வந்தது. 2016-ல் ஆறாவது சீசனில் தொடர் புத்தகங்களைத் தாண்டியது. 2019-ல் எட்டாவது சீசனோடு முடிந்தபோதும் ஆறாவது புத்தகம் வரவில்லை. அங்கே கதை ஆசிரியர் ஒருவரின் மனதுக்குள் மட்டும் இருந்தது. அவர் எழுதாததை வேறு யாரும் போய்ப் பார்த்து வர முடியாது. ‘ஷோகு’னுக்கு அந்தக் கதி இல்லை. செக்கிகஹாராவுக்குப் பிறகு நடந்ததெல்லாம் நாட்குறிப்புகளில், கடிதங்களில், யப்பானியரின் சொந்தப் பதிவுகளில் கிடக்கிறது. நாவல் தீர்ந்துவிட்டது, மூலம் தீரவில்லை.

கேள்வி: மரிக்கோ இறந்துவிட்டா. அவ இல்லாத ‘ஷோகு’னைப் பார்க்க எனக்கு மனமில்லை. உங்களுக்கு இருக்கிறதா?
– வாசகி, வல்வெட்டித்துறை

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் என்னிடம் தெம்பான பதில் இல்லை, அக்கா.

முதல் சீசனின் உயிர் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். போரில் இல்லை, போரே நடக்கவில்லை. ஒரு அறைக்குள் மூன்று பேர் இருப்பார்கள். ஆங்கில மாலுமி பிளாக்தோர்ன் கரடுமுரடாக ஏதோ சொல்வான். மொழிபெயர்க்கிற மரிக்கோ ஒரு கணம் மூச்சை உள்ளே இழுத்து, அதைத் தட்டிக் கொட்டி, கூரை மழுக்கி, தொரனாகாவுக்குப் பொருத்தமான பேச்சாக மாற்றித் தருவா. எதை விட்டா, எதைச் சேர்த்தா என்று எங்களுக்கு மட்டும் தெரியும். மரிக்கோவாக நடிக்கிற அன்னா சவாய் அந்த ஒரு கண இடைவெளியில் கண்ணை மட்டும் தாழ்த்துவா. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பாதான் ஞாபகம். ஆங்கில வரியை மனதில் வைத்துக்கொண்டு, தமிழில் எப்படிச் சொன்னால் பெரியம்மாவுக்கு விளங்கும் என்று ஜாம் போத்தல் வெளிச்சத்தில் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

தொடரில் அவர்கள் பேசுகிற ஆங்கிலம், கதைக்குள் போர்த்துக்கேய மொழி என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மொழி எங்கள் வீட்டுக்குள்ளும் இருக்கிறது: கதிரை, மேசை, அலுமாரி, சன்னல். காலையில் கடையில் வாங்குகிற பாண் அவர்கள் தந்த சொல். யப்பானியரும் அதைப் ‘பன்’ என்றுதான் சொல்கிறார்கள், அதே மொழியிலிருந்து எடுத்து. அந்தக் காலத்தில் ஒரு கப்பல் பாதையில் இருந்த இரண்டு கரைகள் நாங்கள்.

மரிக்கோவின் நிசப் பெயர் தமா. ஞானஸ்நானப் பெயர் கிராசியா. 1600-ல் ஒசாக்காவில் இறந்தா. சரித்திரமும் அவவைத் திருப்பித் தராது. ஆகவே எழுதுகிறவர்கள் புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அவ இடத்தில் நிறுத்தக்கூடாது. பத்து வருடத்தில் பிளாக்தோர்ன் தானே யப்பானியம் பேசுவான். அவனுக்கும் தொரனாகாவுக்கும் நடுவில் ஆள் இல்லாமல் போகும். சொன்ன சொல் நேரே போய் விழும், நேரே காயப்படுத்தும். அந்த வெறுமையை அவர்கள் காட்டினால் நான் பார்ப்பேன். கோட்டைக்குள் இருக்கிற தாய், தொடரில் ஒச்சிபா, இன்னும் உயிரோடு இருக்கிறா என்பதையும் மறக்கவேண்டாம். மரிக்கோவின் சிறுவயதுத் தோழி. தோழியை நினைத்துத்தான் மகனின் படையைப் போருக்கு அனுப்பாமல் நிறுத்தி, தொரனாகாவை வெல்ல விட்டா. அந்த நன்றிக்கு 1615-ல் அவவுக்குக் கிடைக்கப்போவது எரிகிற கோட்டை.

கேள்வி: யப்பானுக்கு இப்படித் தொடர் எடுக்கிறார்கள். எங்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனுக்கு எப்போது எடுப்பார்கள்? எடுத்தால் எங்கே முடிக்கலாம்?
– பாடசாலை மாணவன், நல்லூர்

பதில்: நல்ல கேள்வி, தம்பி. எப்போது என்பதை உன் வயதுக்காரர்தான் தீர்மானிக்கவேண்டும். எங்கே முடிக்கலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். 1544-ல் மன்னாரில் கிறிஸ்தவர்களான சனத்தை முதலாம் சங்கிலி கொன்றான். அந்தச் சனத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஆள் அனுப்பியவர் பிரான்சிஸ் சவேரியார். அதே சவேரியார் 1549-ல் யப்பானில் ககோஷிமாவில் போய் இறங்கினார். 1591-ல் போர்த்துக்கேயர் நல்லூர் மன்னனைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரசனாக வைத்தார்கள். 1600-ல் பிளாக்தோர்னின் கப்பல் யப்பான் கரையை அடைந்தபோது இங்கே நல்லூரில் இருந்தவர் அவர்தான். இயேயாசுவின் பேரன் காலத்தில் யப்பான் போர்த்துக்கேயரை வெளியே தள்ளியது. எங்களால் முடியவில்லை. 1619-ல் கடைசி அரசன் சங்கிலி குமாரன் பிடிபட்டான். கோவாவுக்குக் கொண்டுபோய் 1623-ல் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். நடுவில் 1621-ல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள்.

எங்கள் நாடகங்கள் பெரும்பாலும் சங்கிலியன் விலங்கோடு நிற்கிற இடத்தில் திரையை விட்டுவிடும். நான் எழுதினால் அங்கே நிறுத்தமாட்டேன். அரச குடும்பத்தில் எஞ்சியவர்களைக் கிறிஸ்தவத் துறவிகளாக்கினார்கள். பிள்ளை குட்டி வந்தால் நாளைக்கு உரிமை கேட்கும் என்று. ஒசாக்காவிலும் இதேதான் நடந்தது. ஹிதெயோரியின் சின்ன மகளை மட்டும் உயிரோடு விட்டு, கமகுராவில் தொகெய்ஜி என்ற பௌத்த மடத்தில் துறவியாக்கினார்கள். அவ வளர்ந்து அந்த மடத்துக்கே தலைவியானா. புருஷன் வீட்டில் இருக்க முடியாமல் ஓடி வருகிற பெண்களுக்கு அந்த மடம் அடைக்கலம் கொடுத்து விடுதலை வாங்கிக் கொடுத்தது. இதைப் பெரியம்மாவுக்குச் சொன்னபோதுதான், “பெட்டை தப்பிட்டாளே?” என்று எழும்பி இருந்தா.

கோவாவுக்குப் போன எங்கள் அரச குடும்பத்துப் பெண்கள் அங்கே என்ன செய்தார்கள்? எந்தச் சன்னலுக்குப் பக்கத்தில் இருந்து எந்த மொழியில் செபித்தார்கள்? சங்கிலியன் தோப்பு வளைவுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்திவிட்டு இதை யோசித்துப் பார், தம்பி. உன் தொடருக்கு இரண்டாவது சீசன் அங்கே இருக்கிறது.

கேள்வி: மகன் கனடாவிலிருந்து போனில் இந்தத் தொடரைப் பார்க்கச் சொன்னான், பார்த்தேன். கடைசியில் அந்த வெள்ளைக்காரன் தன் ஊருக்குத் திரும்பிப் போவானோ? அடுத்த பாகம் வருமட்டும் காத்திருக்கப் பொறுமை இல்லை. தெரிந்தால் சொல்லுங்கோ.
– ஒரு தாய், மானிப்பாய்

பதில்: தொடரில் என்ன செய்வார்கள் என்று தெரியாது, அம்மா. நிசத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

பிளாக்தோர்னின் நிசப் பெயர் வில்லியம் அடம்ஸ். இங்கிலாந்தில் கென்ற் மாகாணத்தில் பிறந்தவர். 1598-ல் ஐந்து கப்பல்கள் ரொட்டர்டாமிலிருந்து புறப்பட்டன. இவருடைய ஒன்றுதான் யப்பானை அடைந்தது. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இருபத்துச் சொச்சம் பேர், அதிலும் எழும்பி நடக்கக்கூடியவர்கள் சிலரே. கூட வந்த தம்பி வழியிலேயே இறந்துபோனார். ஊரில் மனைவி மேரியும் ஒரு பெண் குழந்தையும். இயேயாசுவுக்கு இரண்டு கப்பல் கட்டிக் கொடுத்தார். இயேயாசு இவருக்கு நிலமும் இரண்டு வாளும் சாமுராய் அந்தஸ்தும் கொடுத்தார். ஊருக்குப் போக மட்டும் விடவில்லை. அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டினார். ஜோசப், சுசானா என்று இரண்டு பிள்ளைகள்.

1613-ல் முதல் ஆங்கிலக் கப்பல் வந்தது. இயேயாசுவும் போய்வா என்று சொல்லிவிட்டார். பதின்மூன்று வருடம் கேட்டது கிடைத்தது. இவர் அந்தக் கப்பலில் ஏறவில்லை. கப்பல் தலைவனோடு ஒத்துப்போகவில்லை என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் வீட்டில் இருந்த பிள்ளைகள் என்று நான் நினைக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார், கடிதம் எழுதியிருக்கிறார். 1620 மே மாதம் ஹிராடோ என்ற துறைமுகத்தில் காலமானார். சாவதற்கு முன் உயில் எழுதினார். தன் சொத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை இங்கிலாந்தில் இருந்த மனைவிக்கும் மகளுக்கும், மற்றப் பாதியை யப்பானில் இருந்த ஜோசப்புக்கும் சுசானாவுக்கும் வைத்தார். வாள் இரண்டும் ஜோசப்பிடம் போனது.